ஒரு நோ-ட்ரம்ப்புக்கு என் பதில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டாடப் போகிறோம் என்று சொன்னால் எங்கள் அடுக்குமாடியில் பாதிப்பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அறுபத்திரண்டு வயதில் புருஷனையும் இழுத்துக்கொண்டு ரம்மி ஆடக் கிளம்புகிறாள் என்று நினைப்பு. இது பிரிட்ஜ், நாலு பேர் ஆடுவது, காசு கிடையாது, மூளைக்குத்தான் வேலை என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டு, “ஆனா சீட்டுதானே ஆன்ட்டி?” என்றார்கள். இப்போது அம்பத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். விளக்கம் சொல்லும் தெம்பெல்லாம் போய்விட்டது.

நானும் இதை ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவள் இல்லை. நாங்கள் அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு பேருக்கும் தொழிற்சாலையில் வேலை. அவர் சோதனைப் பிரிவு, நான் வரைபடப் பிரிவு. மனமகிழ் மன்றத்தில் அவரோடு ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், “எனக்கு ஜோடி இல்லாம போச்சு, நீ வா” என்றார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் கொடுத்த முதல் பாடம், கூட்டாளி ‘ஒரு நோ-ட்ரம்ப்’ என்று ஆரம்பித்தால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது. இருபத்தைந்து வருஷமாகிறது.

விளங்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜில் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் நம் கூட்டாளி. அவர் சீட்டு நமக்குத் தெரியாது, நம் சீட்டு அவருக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் ஓர் ஏலம் நடக்கும். அதில் சொல்கிற இரண்டொரு வார்த்தையை வைத்துத்தான் கூட்டாளி கையில் இருப்பதை ஊகிக்க வேண்டும். ‘ஒரு நோ-ட்ரம்ப்’ என்றால், துருப்பே இல்லாமல் ஆடலாம், என் கை பலமான கை, ஏஸ், ராஜா மாதிரிப் பெரிய சீட்டுகளுக்கு எண்ணும் புள்ளி பதினைந்திலிருந்து பதினேழு வரை இருக்கிறது, நாலு ஜாதிச் சீட்டும் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அதோடு அவர் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். மேலே போவதா, இங்கேயே நிற்பதா, எந்த ஜாதியைத் துருப்பாக்குவது என்பதெல்லாம் பதில் சொல்பவர் பொறுப்பு. ‘இரண்டு கிளப்’ என்றால் அது ஒரு கேள்வி. உங்களிடம் ஹார்ட்டோ ஸ்பேடோ நாலு இருக்கிறதா? அவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘இரண்டு டைமண்ட்’ என்றால் எனக்கு டைமண்ட் மேல் ஒரு பிரியமும் இல்லை, கையில் ஐந்து ஹார்ட் இருக்கிறது, நீங்களே ‘இரண்டு ஹார்ட்’ என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். அவர் சொல்லியே ஆக வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. கூட்டாளி என்ன தப்பு செய்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. பெருமூச்சு கூடாது, புருவம் தூக்கக் கூடாது. முகத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டால் அது ஏமாற்று. ஆட்டம் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் இந்தச் சலுகையை ஒருநாளும் விட்டுவைத்தவர் இல்லை. நான் ஒரு சீட்டைத் தப்பாகப் போட்டால் வீடு வந்து சேர்ந்து, சாப்பிட்டு, கை கழுவும்வரை அந்தச் சீட்டைப் பற்றியே பேசுவார். ஒரு தடவை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “அந்த எட்ட ஏன் போட்ட, அத மட்டும் சொல்லு” என்றார். தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டேன்.

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வேப்பம்பட்டில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தோம். ஆறு வருஷமாகிறது. பழைய கூட்டம் சிதறிவிட்டது. மிச்சம் நாலே பேர். நாங்கள் இருவர், அம்பத்தூரில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர் ஒருவர், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு எடுக்கும் டீச்சர் ஒருத்தி. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு விமானப்படைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆட்டம்.

ஒன்பது மாசத்துக்கு முன்னால், ஒரு ஞாயிறு. அவர் சீட்டை அடுக்கிக்கொண்டு, “ஒன் நோ-ட்ரம்ப்” என்றார். என் கையில் ஐந்து ஹார்ட், மற்றபடி உப்புச்சப்பில்லாத சீட்டு. டைமண்ட் இரண்டே இரண்டு. யோசிக்காமல் “டூ டைமண்ட்ஸ்” என்றேன். டீச்சர் பாஸ் சொன்னாள். அவர் தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“பாஸ்” என்றார்.

விமானப்படைக்காரர் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகாமல் நின்றது. நான் முகத்தை அசைக்கவில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கம் அல்லவா. ஏலம் அங்கேயே முடிந்தது. டைமண்ட் துருப்பு, ஆட வேண்டியது நான். அவர் தன் சீட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்தார். ஹார்ட்டில் ஏஸ், ராஜா, ஆறு. டைமண்ட் மூன்றுதான். இரண்டு கையிலும் சேர்த்து ஐந்தே டைமண்ட் வைத்துக்கொண்டு பதின்மூன்று சுற்றில் எட்டுப் பிடி பிடிக்க வேண்டும். நாலு பிடித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் திட்டுக்குக் காத்திருந்தேன். ஏன் தெரியுமா? திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ‘நீ ஏன் டைமண்ட் சொன்ன, உன் கையில ரெண்டுதானே இருந்துச்சு’ என்று ஆரம்பித்து, பாதியில் தானே தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அவரோ சீட்டுகளைச் சேர்த்து விமானப்படைக்காரரிடம் கொடுத்துவிட்டு, “டீ போடலாமா?” என்றார். ரயிலிலும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்று ராத்திரி நான்தான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. கேஸ் புக் பண்ணிவிட்டேன் என்பார், பண்ணியிருக்க மாட்டார். ரயில் ஆவடிக்குள் நுழைந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். குடிவந்த புதிதில் நாங்கள் இரண்டு பேருமே அப்படி எழுந்து சிரித்திருக்கிறோம். இப்போது அவர் சட்டையைப் பிடித்து நான் உட்கார வைக்கிறேன், யாரும் சிரிப்பதில்லை. பிறகு ஒருநாள் காலையில் கீரை வாங்க ஸ்கூட்டரில் போனவர் பதினொரு மணியாகியும் வரவில்லை. போன் வந்தது, தெரியாத எண். ஆவடியில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருக்கும் பெண். “அம்மா, ஒரு சார் எங்க வீட்டு வாசப்படியில உக்காந்திருக்காரு. சாவிய எடுத்துக்கிட்டு என் வொய்ஃப் வந்துருவான்னு சொல்றாரு. அவரு போன்ல இருந்த நம்பரப் பார்த்துப் பண்றேன்” என்றாள். நல்ல பெண். அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்.

அவளே ஓர் ஆட்டோ பிடித்து அனுப்பினாள். ஆட்டோக்காரர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்.

“இன்னாம்மா, பெரியவர ஒண்டியா அனுப்பிகினு கீறீங்க? வழி நெடுக ஊடு எங்க கீதுன்னு என்னியே கேட்டுகினு வந்தாரு. எங்க நைனாவுக்கும் இப்டிதான் ஆச்சு. டாக்டராண்ட இட்டுகினு போம்மா.”

“வெயில்ல சுத்தினதுல மயக்கம்பா” என்றேன். எவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது. சாயங்காலம் பக்கத்து ஃப்ளாட் பையனை அனுப்பி ஸ்கூட்டரை எடுத்து வரச் சொன்னேன். சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

டாக்டரிடம் ஏன் உடனே போகவில்லை என்று கேட்பீர்கள். எனக்குப் பயம். அவ்வளவுதான். போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைக்காதவரை அது வயசு, வெயில், சர்க்கரை. வாரா வாரம் போன் பண்ணும் மகளிடம், “அப்பா நல்லாதான் இருக்காரு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டு மேஜையில் பழகிய முகம் போனிலும் உதவியது.

மேஜையில் நான் என் பதில்களை மாற்றிக்கொண்டேன். அவர் ‘ஒரு நோ-ட்ரம்ப்’ என்று ஆரம்பித்தால் நான் இனி கேள்வி கேட்பதில்லை. இரண்டு கிளப் இல்லை, இரண்டு டைமண்ட் இல்லை. அவருக்கு எது நினைவில் நிற்கிறது, எது போய்விட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே இரண்டே பதில் வைத்துக்கொண்டேன். கை மட்டமாக இருந்தால் பாஸ். நன்றாக இருந்தால் நேரே மூன்று நோ-ட்ரம்ப். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பாஸ் என்றால் போதும். தோற்றோம், நிறையத் தோற்றோம். எதிர்ப்பக்கம் இருவரும் புரிந்துகொண்டார்கள். நாங்கள் கைக்கு மீறி ஏலம் கேட்டால் தண்டனையை இரட்டிப்பாக்க ‘டபுள்’ சொல்வது விமானப்படைக்காரருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. அவர் டபுள் சொல்வதையே நிறுத்திவிட்டார். டீச்சர், “நல்லா ஆடினீங்க சார்” என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்வாள். மூன்று பேருமாகச் சேர்ந்து அவரைச் சுற்றி வேலி கட்டிவிட்டோம். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

வீட்டிலும் அதே கதைதான். என்ன சமைக்கட்டும் என்று கேட்பதை விட்டேன். கேட்டால் யோசிப்பார், யோசிக்கும்போது முகம் வெளிறும், அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. எந்தச் சட்டை, எப்போது மாத்திரை, யார் கல்யாணத்துக்குப் போவது, எல்லாம் நானே. யாராவது அவரிடம் “சௌக்கியமா சார்?” என்றால் அதற்கும் நானே முந்திக்கொண்டு “சௌக்கியம்” என்பேன். இரண்டு பேருக்கான ஒரு நாளை ஒருத்தியே நடத்த வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கால் மரத்துப்போய் உட்கார்ந்துவிடுவேன். சில நாள் அவர்மேல் எரிச்சல் வரும். அப்புறம் எரிச்சல் வந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வரும்.

மகள் தீபாவளிக்கு வந்தபோது கண்டுபிடித்துவிட்டாள். என்னைத் திட்டினாள், அழுதாள், பிறகு காரியத்தில் இறங்கினாள். ஒரு நரம்பியல் டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினாள். அப்பாவிடம் உன் முட்டிவலிக்கு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போ, அங்கே போனதும் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றாள். முட்டிவலி பொய்யில்லை, அதனால் சொல்லச் சுலபமாக இருந்தது. சொன்னேன். “சரி, துணைக்கு வர்றேன்” என்றார்.

அதற்கு முந்தைய ஞாயிறு வழக்கம்போல ஆடப் போனோம். கடைசிக் கைக்கு முந்தின கையில் அவர், “ஒன் நோ-ட்ரம்ப்” என்றார். என்னிடம் பத்துப் புள்ளி, நாலு ஸ்பேட், ஹார்ட்டில் இரண்டு சொத்தைச் சீட்டு. இரண்டு கிளப் என்று கேட்பதற்கென்றே செய்து கொடுத்த கை. “த்ரீ நோ-ட்ரம்ப்” என்றேன். எல்லாரும் பாஸ். நான் சீட்டை விரித்தேன். டீச்சர் ஹார்ட்டில் ஆரம்பித்தாள். அவர்கள் வரிசையாக ஐந்து ஹார்ட் பிடித்தார்கள். ஒன்பது பிடிக்க வேண்டியவர் எட்டோடு நின்றார்.

“பரவால்ல சார், யாருக்கும் வராது இது” என்றாள் டீச்சர். அவர் மேஜைமேல் கிடந்த என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவடியில் அவர் எழுந்திருக்கவில்லை. நான் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டுச் சும்மா மடியில் வைத்துக்கொண்டேன். பட்டாபிராம் தாண்டியதும் பேசினார்.

“உன்கிட்ட நாலு ஸ்பேட் இருந்துச்சு.”

“ம்.”

“என்கிட்டயும் நாலு. ஏன் டூ கிளப்ஸ் கேக்கல?”

“தோணல.”

“பொய் சொல்லாத. ரொம்ப நாளாவே நீ கேக்கறதில்ல.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். “நோ-ட்ரம்ப் சொன்னா பாஸ், இல்லன்னா மூணு. எல்லாரும் எனக்கு விட்டுக் குடுக்கறீங்க. அந்த ஆளு டபுள்கூட சொல்றதில்ல.”

எதிர்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“வீட்லயும்தான். சாம்பாரா ரசமான்னுகூட நீ கேக்கறதில்ல.”

“கேட்டா நீங்க கஷ்டப்படறீங்க.”

“கஷ்டப்பட்டா படறேன். லேட்டாகும், தப்பாகூட சொல்வேன். கேளேன்.”

இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ தப்புக்கு அவர் என்னைத் திட்டியிருக்கிறார். ஒன்றுகூட இப்படிச் சுட்டதில்லை. திருநின்றவூர் வந்து போனது. இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“செவ்வாக்கெழம டாக்டர் முட்டிக்கு இல்லைங்க. உங்களுக்கு. மறதிக்கு. போலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க.”

அவர் யோசித்தார். முகம் வெளிறத்தான் செய்தது. நான் வேறு பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பம்பட்டு நடைமேடை வந்து, ரயில் நின்று, இரண்டு பேரும் இறங்கி, கூட்டம் கலைந்த பிறகுதான் பதில் வந்தது.

“போலாம். ஆனா அங்க எனக்குப் பதிலா நீ பேசக் கூடாது.”

செவ்வாய்க்கிழமை போனோம். டாக்டருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கோப்பைப் புரட்டிவிட்டு அவரைத் தாண்டி நேரே என்னைப் பார்த்துக் கேட்டார், “எவ்ளோ நாளா இப்படி இருக்கும்மா?”

ஒன்பது மாசம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த இரண்டு டைமண்டிலிருந்து நாள் நாளாக என்னிடம் கணக்கு இருக்கிறது. விழுங்கிக்கொண்டேன்.

“அவரையே கேளுங்க” என்றேன்.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் போல வாய் துடித்தது.

“ரெண்டு வருஷம் இருக்கும்” என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“மொதல்ல ஆளுங்க பேரு போச்சு. அப்புறம் சீட்டு. எந்த ஏலத்துக்கு என்ன பதில்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதி சட்டைப் பையில வச்சிருப்பேன். நடுவுல பாத்ரூம் போறேன்னு போய்ப் பாத்துட்டு வந்து உக்காருவேன். ஒரு நாள் சட்டை மாறிப் போச்சு. அன்னிக்குத்தான் இவளுக்குத் தெரிஞ்சுது.”

“வீட்ல சொல்லலையா சார்?”

“இவ ஏற்கெனவே களைச்சுப் போயிருந்தா. ரிட்டயர் ஆகி அப்பதான் கொஞ்சம் உக்காந்தா. இதையும் எதுக்கு அவ தலையில போடணும்னு இருந்துட்டேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது, கண்ணை மறைக்கிற அளவு கோபம். நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து ஒன்பது மாசம் அலுத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் இரண்டு வருஷம் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தனியாகப் பயந்துகொண்டு, என்னைத் தூங்க விட்டிருக்கிறார். மேஜைக்கு அடியில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அடுத்த கேள்வியை அவரிடமே கேட்டார்.